பேச்சில் சேராத பேச்சு

என் கணவரும் அவருடைய தம்பியும் ஒரே கடையில், ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர்கள். நாலு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சண்டை போட்டது அவர்கள், தண்டனை அனுபவித்தது நான்.

பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் நடத்திக்கொண்டிருப்பேன். போன் அடிக்கும். கணவர். "கேஸ் பிரஷர் பாக்கற அந்த கேஜ் எங்க வெச்சிருக்கான்னு கேளு" என்பார். நான் அதை வைத்துவிட்டுத் தம்பிக்கு அடிப்பேன். அவர் எடுத்தவுடன் அவருக்குப் பின்னால் என் கணவர் இருமுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்கும். "அவர் காலடியிலதான் கிடக்குன்னு சொல்லுங்க அண்ணி" என்பார் தம்பி. நான் மறுபடி கணவருக்கு அடித்துச் சொல்வேன். கைநீட்டினால் தொட்டுக்கொள்ளக்கூடிய இரண்டு ஆம்பளைகளுக்கு நடுவில் ஊர்க்கோடியிலிருந்து நான் தரகு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் போகிறபோதும் வருகிறபோதும் வார்த்தைகளைக் கழுவித் துடைத்து அனுப்ப வேண்டும். "அந்த மடையன்கிட்ட சொல்லு" என்று அங்கே கிளம்புவது, "உங்க அண்ணன் கேக்கறார்" என்று இங்கே வந்து சேரும். எனக்கு மட்டும் இதற்குத் தனிச் சம்பளம் கொடுத்திருந்தால் இந்நேரம் இன்னொரு மாடி கட்டியிருப்பேன்.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். தம்பி ஒரு வேலையை முடித்து எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு எழுந்தால், என் கணவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் அத்தனையையும் முதலிலிருந்து மறுபடி முடுக்குவார். ஒன்று விடாமல். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்றாலும் சரி, யார் நின்றாலும் சரி. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் ஒரு பேக்கரியில், முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இவர் முடுக்கிய முடுக்கில் ஸ்க்ரூவின் தலை துண்டாகக் கையோடு வந்துவிட்டது. முதலாளி சிரித்தார். தம்பிக்கு முகம் செத்துப்போனது. என் வேலைமேல் நம்பிக்கை இல்லையென்றால் தனியாகச் செய்துகொள் என்று அவர் சொல்ல, செய்துகொள்கிறேன், இனி உன்னிடம் ஒரு வார்த்தை பேசினால் ஏன் என்று கேள் என்று இவர் சொல்ல, முடிந்தது கதை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த பிடிவாதம். யாரும் ஏன் என்று கேட்கும்படி நடந்துகொள்ளவில்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் கடையில் வேலை குறைந்துகொண்டே வந்தது. தம்பிக்கு வேறு ஊரில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அவர்கள் குடியிருந்தது எங்கள் வீட்டு மாடியில்தான். ஒருநாள் மேலே போனேன், தம்பி மனைவி, என் ஓரகத்தி, தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்தினாள், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி சுற்றினாள். கீழே வந்து கணவரிடம் சொன்னேன். "போகட்டும், யார் வேண்டாம்னது" என்றார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பே போட மறந்திருந்தேன். அதைக்கூடக் கவனிக்காமல் சாப்பிட்டு எழுந்தார். தம்பி போய்விட்டால் இந்த மனுஷன் உடைந்துபோவார், ஆனால் வாயைத் திறந்து சொல்லமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் உறையவைத்த உணவுப் பொருள் விற்கும் கம்பெனி ஒன்று ஆள் தேடியது. ஊர் முழுக்க அவர்களுக்குக் குளிர் அறைகள். அவற்றைப் பராமரிக்க இரண்டு பேர் கொண்ட குழு வேண்டும். அந்த வேலை கிடைத்தால் தம்பி போகவேண்டிய அவசியமே இல்லை. அவரே என்னிடம் அப்படிச் சொன்னார். ஒரே ஒரு சிக்கல். கம்பெனியின் இன்ஜினியர்கள் பல தேசத்துக்காரர்கள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலம் மட்டும்தான். ஒருவர் அறைக்குள் வேலை செய்ய, இன்னொருவர் மூலை திரும்பி இருக்கும் சுவிட்ச் பேனலுக்குப் பக்கத்தில் நிற்பார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. குரல் கொடுத்துத்தான் வேலை நடக்க வேண்டும். அந்தக் குரல் அங்கே இருக்கிற எல்லோருக்கும் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து, ஒருவரோடு ஒருவர் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும்.

தமிழிலேயே பேசாதவர்கள்.

ஆனால் நான் ஆங்கில டீச்சர். விடுவேனா? மாலையில் இரண்டு பேரையும் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்தேன். ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். கணவர் ஃபேனைப் பார்த்தார், தம்பி கேலண்டரைப் பார்த்தார். இருவரும் பேசிப் பழக வேண்டும் என்று நான் சொன்னதும் கணவர் நிமிர்ந்தார். ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான், வாக்கு மாறுகிற வழக்கம் தன் பரம்பரையிலேயே இல்லை என்றார். பரம்பரை எதிரிலேயே உட்கார்ந்து தலையாட்டியது. அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே கருத்து.

தம்பிதான் வழி கண்டுபிடித்தார். கேலண்டரைப் பார்த்தபடியே கேட்டார்: "அண்ணி, இங்கிலீஷ்ல பேசறது பேச்சுல சேர்த்தியா?"

நான் பிடித்துக்கொண்டேன். எப்படிச் சேரும்? இது பயிற்சி. புத்தகத்தில் இருப்பதை வாசிப்பது மாதிரி. வாக்குக் கொடுத்தது தமிழில், அது தமிழுக்கு மட்டும்தான் செல்லும் என்று அடித்துச் சொன்னேன். கணவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் சரி, ஆனால் இடையில் ஒரு தமிழ் வார்த்தை வந்தாலும் எழுந்து போய்விடுவேன் என்றார். எனக்கும் அதே நிபந்தனைதான் என்று அவரிடம் சொல்லுங்கள் என்றார் தம்பியும். சொன்னேன்.

பாடம் தொடங்கியது. எழுவாய் முதலில், வினை அதற்கு அடுத்து, செயப்படுபொருள் கடைசியில். ஐ கட் த பைப். அவ்வளவுதான் அடிப்படை, இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்றேன். கணவருக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. "என்ன வேலை செஞ்சேன்னு ரெண்டாவது வார்த்தையிலேயே சொல்லிட்டா, அப்புறம் எதுக்கு ஒருத்தன் நின்னு கேக்கணும்?" என்றார். அவர் கதை சொன்னால் வினைச்சொல் வருவதற்குள் டீ ஆறிவிடும். வாடிக்கையாளர்கள் கம்ப்ரசர் பிழைத்ததா செத்ததா என்று தெரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சுகத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. ஐ த பைப் கட் என்றே பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பியின் கோளாறு வேறு. த என்கிற சொல் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கிரீஸ் தடவுகிற மாதிரி எல்லாவற்றின்மேலும் தடவினார். த ஐ, த கோ, த ஹோம். கேள்வி கேட்கும்போது முன்னால் வந்து நிற்கிற டூ எதற்கு என்று அவருக்குப் புரியவே இல்லை. அதற்கென்று தனி அர்த்தம் எதுவும் இல்லை, துணைவினை, சும்மா கூட நிற்கும் என்றேன். வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிற ஆள் மாதிரியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போது என் கணவர் ஃபேனைப் பார்த்து லேசாகச் சிரித்ததை நான் பார்த்தேன். நாலு வருஷத்தில் தம்பி சொன்ன ஒன்றுக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

முதல் உரையாடலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பாடத்தில் உள்ளபடி, ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும்.

"வாட் இஸ் யுவர் நேம்?" என்று தன் சொந்தத் தம்பியைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு கேட்டார் என் கணவர்.

தம்பி தன் பெயரைச் சொன்னார். முழுப் பெயர், இனிஷியலோடு. பிறகு திரும்ப அதே கேள்வியைக் கேட்டார். இவரும் அதே இனிஷியலோடு சொன்னார். நைஸ் டு மீட் யூ என்று கைகுலுக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. கைகுலுக்குவது பயிற்சியில் சேருமா என்று என்னைப் பார்த்தார்கள். சேரும் என்றேன். குலுக்கினார்கள். சுடுபாத்திரத்தைத் தொட்டவர்கள் மாதிரி உடனே இழுத்துக்கொண்டார்கள். நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழுந்துபோய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அதன் பிறகு வேகம் பிடித்தது. டூ யூ ஹேவ் எ பிரதர் என்று ஒருநாள் வந்தது. எஸ், ஐ ஹேவ் எ பிரதர் என்றார் கணவர். இஸ் ஹி குட் என்று தம்பி புத்தகத்தில் இல்லாததைச் சேர்த்துக் கேட்டார். கணவர் திணறினார். குட் என்று சொன்னால் இறங்கிப்போனதாகிவிடும், பேட் என்று சொல்ல மனசு வரவில்லை. கடைசியில் "ஹி இஸ் டால்" என்றார். இலக்கணப்படி பிழை எதுவும் இல்லாததால் நான் விட்டுவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் அவர்களால் சண்டை போடவே முடியவில்லை. குத்திக்காட்டுவதற்கும் ஜாடை பேசுவதற்கும் சரக்கு போதவில்லை. கைவசம் இருந்ததெல்லாம் இது ஸ்பேனர், அது ஏணி, நீ டீ குடிக்கிறாயா என்பது மட்டும்தான். அதனால் அதையே பேசினார்கள். கடையிலும் பேசத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் என் போன் அடிப்பது நின்றது.

ஆனால் ஒத்திகை பார்த்தபோது வேறொரு சிக்கல் முளைத்தது. கடையிலேயே கம்பெனி சொன்ன முறைப்படி செய்து பார்த்தோம். தம்பி பின்னறையில் வேலையை முடித்து, விலகி நின்று, வேலை முடிந்தது, சுவிட்சைப் போடுங்கள் என்று ஆங்கிலத்தில் குரல் கொடுப்பார். முன்னறையில் பேனல் பக்கத்தில் நிற்கும் அண்ணன் அதைக் கேட்டுச் சுவிட்சைப் போட வேண்டும். அவ்வளவுதான். அவர் போடமாட்டார். ஒவ்வொரு தடவையும் பேனலை விட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரோடு பின்னறைக்குப் போய், எல்லாவற்றையும் மறுபடி முடுக்கிவிட்டு வந்துதான் போடுவார். பேனல்காரர் இடத்தைவிட்டு நகர்ந்தால் பரீட்சை அங்கேயே முடிந்தது என்று கம்பெனியின் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் கெஞ்சினேன், கத்தினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தம்பி அவரை ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், ஏன் என்று கேட்பதும் பிகாஸ் போட்டுப் பதில் சொல்வதும் பாடம். நான் உதாரணம் எடுப்பதற்குள் தம்பி வாயைத் திறந்தார்.

"ஒய் டூ யூ டைட்டன் மை ஸ்க்ரூஸ்?"

எத்தனை அழகான வாக்கியம். டூ அதன் இடத்தில் நின்றது, த எங்குமே இல்லை. வெரிகுட் என்று சொல்ல வாயெடுத்த பிறகுதான் என்ன கேட்டார் என்பது எனக்கு உறைத்தது. கணவர் ஃபேனைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிகாஸ்," என்றார். நின்றார். "பிகாஸ் யூ ஃபால்."

"ஃபெல்" என்று திருத்தினேன். பழக்கதோஷம். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

"பிகாஸ் யூ ஃபெல்."

அந்தச் சம்பவம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேக்கரி சண்டைக்கு முந்தின வருஷம், தம்பி ஏணிமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது கரன்ட் வந்துவிட்டது, தூக்கி எறிந்துவிட்டது, கை முறிந்தது. அப்படித்தான் அதை நாங்கள் சொல்வோம். கரன்ட் வந்துவிட்டது. தம்பியும் இப்போது அதைத்தான் சொன்னார். த கரன்ட் கேம் என்றார்.

"நோ," என்றார் என் கணவர். "கரன்ட் நோ கேம்." பிறகு என் பக்கம் திரும்பி, சுவிட்சைப் போட்டதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று மெதுவாகக் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைபோல விரலால் மேஜையில் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுச் சொன்னார். "ஐ ஸ்விட்ச்டு ஆன். யூ ஃபெல். ஐ சா."

தம்பிக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. அன்றைக்குத் தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போதுகூட, கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று அவரைத்தான் திட்டிக்கொண்டே ஓடினார் இவர். அதனால்தான் தன்னைக் கவனமில்லாதவன் என்று அண்ணன் முடிவுகட்டிவிட்டதாகத் தம்பி இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார். நான் யோசித்துப் பார்த்தேன். அந்த விபத்துக்கு முன்னால் இவருக்கு ஸ்க்ரூவை மறுபடி முடுக்குகிற பழக்கம் இருந்ததா? இல்லை. சுவிட்சைப் போடும் முன் தம்பி இறங்கிவிட்டாரா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள அது ஒரு சாக்கு. கூடவே குடும்பம் நடத்துகிறவள் நான், எனக்கு இது தோன்றவே இல்லை. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

தம்பி எழுந்தார். தண்ணீர் குடித்தார். ஓகே என்றார், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. மாடிக்குப் போய்விட்டார். தமிழில் ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் கெட்டுப்போய்விட்டது, நாளைக்குப் பரீட்சைக்கே வரமாட்டார் என்று நான் நினைத்தேன்.

வந்தார். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, எங்களுக்கு முன்னாலேயே வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். கம்பெனியின் குளிர்கிடங்கில் தேர்வாளர் ஒரு சின்ன வயதுப் பெண். தடித்த ஜாக்கெட்டுக்குள் முகம் மட்டும் தெரிந்தது. தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஒத்திகை நடத்தியவள் என்று என்னையும் உள்ளே விட்டார்கள், ஆனால் மூச்சுவிடக் கூடாது என்றாள் அந்தப் பெண். வாழ்நாளெல்லாம் பேசியே பிழைப்பவளிடம் அப்படிச் சொன்னாள். பேனல் பக்கத்தில், கணவருக்குப் பின்னால் என்னை நிறுத்தினாள்.

மூலைக்கு அந்தப் பக்கம் தம்பி ஏணியில் ஏறி விசிறியை மாற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

"த ஒர்க் இஸ் ஃபினிஷ்ட். ஐ ஆம் அவுட்சைட். ப்ளீஸ் ஸ்விட்ச் ஆன்."

முத்து முத்தான வாக்கியங்கள். என் கணவர் சுவிட்சின் கைப்பிடியில் கையை வைத்தார். கை அங்கேயே நின்றது.

"ஆர் யூ அவுட்சைட்?" என்றார்.

"எஸ், ஐ ஆம் அவுட்சைட்."

"ஆர் யூ ஆன் த லேடர்?"

"நோ, ஐ ஆம் நாட் ஆன் த லேடர்."

"ஆர் யூ ஷூர்?"

"எஸ். ஐ ஆம் ஷூர்."

நான் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் வந்துவிட்டது. கேள்வி வாக்கியம், எதிர்மறை, எல்லாம். தேர்வாளர் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட்டுக்கொண்டே வந்தாள். இலக்கணத்தில் இனிமேல் கேட்பதற்கு ஒன்றுமே பாக்கியில்லை. ஆனால் கை நகரவில்லை. அந்தக் குளிரிலும் அவர் பிடரியில் வியர்த்திருந்தது. இடது கால் மெல்ல மூலையை நோக்கித் திரும்பியது. தேர்வாளர் பேனாவை நிறுத்திவிட்டு அந்தக் காலைப் பார்த்தாள். நானும் அந்தக் காலைத்தான் பார்த்தேன். போகாதீங்க என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஓரகத்தி தட்டுச் சுற்றுவது கண்முன்னால் வந்தது. கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் தம்பிக்கு எதுவும் தெரிந்திருக்க முடியாது. சுவர்தான் இருந்தது. ஆனால் அவர் குரல் வந்தது, இந்தத் தடவை உரக்க இல்லை.

"அண்ணே. நான் தரையிலதான் நிக்கறேன். போடு."

கணவர் சுவிட்சைப் போட்டார்.

விசிறி ஓடத் தொடங்கியது. அறை முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. சுவர்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு என் கணவர் நின்றார். எனக்குக் கண்ணீர் வந்தது, அந்தக் குளிரில் கன்னத்தில் சுருக்கென்றது.

தேர்வாளர் என்னைக் கூப்பிட்டாள். தேர்ச்சிதான், இன்ஜினியர்கள் இருக்கும்போது வேறு மொழி பேசக் கூடாது என்று சொல்லிவையுங்கள், அதற்கு ஒரு மதிப்பெண் குறைக்கிறேன் என்றாள். பிறகு, எழுதிவைக்க வேண்டும், கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். நான் ஏணிமேல் இல்லை, வெளியேதான் நிற்கிறேன், சுவிட்சைப் போடுங்கள் என்று சொன்னார் என்றேன்.

அவள் தன் தாளைப் பார்த்தாள். "அதைத்தான் அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டாரே" என்றாள்.

"ஆமாம்" என்றேன். என் ஆங்கிலம் அவ்வளவுதான்.